எல்டன் ரிங்: மூன்று முறை ஆடி முடித்த பிறகு

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் வந்தது 2022 பிப்ரவரி 25. அப்போது ஒரு முறை முடித்தேன். 2024 ஜூனில் அதன் டி.எல்.சி. (பின்னர் தனியாக வரும் கூடுதல் பகுதி) வந்ததும் புதிதாக ஓர் ஆளை உருவாக்கி மறுபடியும் முதலிலிருந்து போனேன். இப்போது மூன்றாவது சுற்றும் முடிந்துவிட்டது, எல்லாம் சேர்த்து 400 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் புகழ்ச்சியாகப் போயிருக்கும், இரண்டாவது சுற்றின் நடுவில் எழுதியிருந்தால் வெறும் புலம்பல். இடங்களின் பெயரும் சில பாஸ்களின் (பெரிய எதிரிகளின்) பெயரும் வரும், கதையின் முடிவைச் சொல்ல மாட்டேன்.

ஆரம்பக் குகையை விட்டு வெளியே வந்தால் லிம்கிரேவ் புல்வெளி. அங்கே தங்கக் கவசம் போட்ட ஒருவன் குதிரை மேல் நிதானமாக உலாத்திக்கொண்டிருப்பான், ட்ரீ சென்டினல். மற்ற கேம்களில் முதலில் கண்ணில் படுபவன் அடித்துப் பழகுவதற்கென்றே நிற்பவன், அந்த நினைப்பில் நேராக அவனிடம் போனேன். இரண்டே அடி. ஏழெட்டு முறை செத்த பிறகுதான் உறைத்தது, அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், கதவு எதுவும் பூட்டியில்லை. முடியாவிட்டால் போய்விட்டுப் பிறகு வா என்பதுதான் இந்த கேமின் பதில் எல்லாவற்றுக்கும். மார்கிட் என்ற பாஸ் கோட்டை வாசலில் நின்று உயிரை வாங்குகிறானா, தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய் நாலு லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம். அதுவும் வேண்டாம் என்றால் கோட்டைக்குப் பக்கவாட்டில் பாறையோரமாக ஒரு பாதை இருக்கிறது, அதில் போனால் ஸ்டார்ம்வெய்ல் கோட்டைக்குள் காலே வைக்காமல் லியுர்னியா ஏரிக்கே போய்விடலாம். ஈஸி, ஹார்டு என்று தேர்ந்தெடுக்க வழி கிடையாது, ஆனால் எங்கே போவது, எப்போது போவது, ஆவிகளைத் துணைக்கு அழைப்பதா, இன்னொரு ஆட்டக்காரரைக் கூப்பிடுவதா என்பதெல்லாம் நம் கையில், அதையே நான் கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வழியாக வைத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் மறக்காதது அந்தப் பெட்டிதான். லிம்கிரேவில் ஏரி நடுவே எரிந்து கிடக்கும் இடிபாடுகள், கீழே ஒரு நிலவறை, அதில் ஒரு புதையல் பெட்டி. திறந்தேன், புகை வந்தது, கண்ணைத் திறந்தால் வேறு எங்கோ ஒரு சுரங்கம். அங்கிருக்கும் பூச்சி மாதிரி ஒன்று தூரத்திலிருந்தே ஊசி ஊசியாய் எய்கிறது, என் கையில் இருந்ததோ ஆரம்பக் கத்தி. மேப்பைத் திறந்து தப்பிக்கலாம் என்று பார்த்தால் சுரங்கத்துக்குள் இருக்கும்வரை வேறு இடத்துக்குத் தாவ முடியாது. குனிந்து குனிந்து, செத்துச் செத்து, கடைசியில் வெளியே வந்தால் வானமே ரத்தச் சிவப்பு, அதுதான் கேலிட் என்ற பகுதி. அன்று நான் அடித்தது ஒரு பூச்சியைக்கூட இல்லை, ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு இணையாக வேறு எந்த கேமிலும் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. அப்புறம் மிஸ்ட்வுட் காட்டில் ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, பூமிக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரங்கள். அங்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டையைப் பற்றி. மார்கிட் கோலை ஓங்குவான், ஓங்கியபடியே நிற்பான். நாம் பதறி ரோல் அடித்து (உருண்டு விலகி) எழும்போதுதான் அது இறங்கும். கோலைப் பார்த்து ரோல் அடித்தால் செத்தீர்கள், அது இறங்கத் தொடங்கும் அந்த நொடியைப் பார்க்க வேண்டும். இதைப் பழகிக்கொள்வதில் ஒரு ருசி இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் கேமின் பின்பாதியில் கிட்டத்தட்ட எல்லா பாஸுக்கும் இந்தத் தாமத அடி வந்துவிடுகிறது, அதோடு முடியவே முடியாத அடி வரிசைகள், நமக்கு ஒரு அடி போட இடம் கிடைப்பதே அபூர்வம். மலேனியா என்ற பாஸ் ஒவ்வொரு முறை நம்மைத் தொடும்போதும் அவளுடைய உயிர் ஏறும், கேடயத்தில் தடுத்தாலும் ஏறும், இது கஷ்டமா அநியாயமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பெரிய உருவங்களோடு மோதும்போது கேமராவும் எதிரியாகிவிடும், லாக் ஆன் செய்தால் (பார்வையை எதிரி மேலேயே பூட்டினால்) டிராகனின் காலும் வயிறும்தான் தெரியும். லாக் ஆனை விட்டுவிட்டு ஆடக் கற்றுக்கொள்வதே நல்லது. புதிதாக ஆடுபவர்கள் செய்யும் தவறு எல்லாப் புள்ளிகளையும் வலிமைக்கே போடுவது, விகர் (நம் உயிரின் அளவைக் கூட்டுவது) 40 வந்தால் பாதித் துன்பம் தீரும், 60 வரைகூடப் போட்டால் வீணில்லை. தப்பாகப் போட்டுவிட்டாலும் பரவாயில்லை, ரென்னாலா என்ற பாஸை ஜெயித்த பிறகு லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்துப் புள்ளிகளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் சுற்றில் இவற்றில் பாதி கண்ணிலேயே படவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

பூமிக்கடியில் கல்லறைக் குகைகள் ஏகப்பட்டது. முதல் சுற்றில் ஒவ்வொன்றிலும் என்ன இருக்குமோ என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது சுற்றில் எல்லாம் தெரிந்துவிட்டது: ஒரு நெம்புகோலைத் தேட வேண்டும், கதவு திறக்கும், உள்ளே பூனை முகத்தோடு ஒரு கல் பொம்மை விட்டு விட்டுக் குதிக்கும். அடுத்த குகையிலும் அதே பூனை. இன்னொன்றில் இரண்டு பூனைகள். கதையில் பெரிய ஆளாக வந்த காட்ரிக்கையே வேறு பெயர் மாற்றிப் பிறகு ஒரு சின்னச் சிறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், இதற்கு அந்தச் சிறையைக் காலியாகவே விட்டிருக்கலாம். லேண்டெல் தலைநகர்வரை ஒவ்வொரு சந்திலும் ஏதோ ஒரு வேலைப்பாடு இருக்கும், அதைத் தாண்டி ராட்சதர்களின் பனிமலைக்கு ஏறினால் வெள்ளை வெளி, குதிரை, மறுபடி வெள்ளை வெளி. மூன்றாவது முறை அந்த மலையை ஏறியபோது பஸ்ஸில் போகிற மாதிரிதான் இருந்தது, பார்க்க எதுவும் இல்லை, இறங்க வேண்டிய இடம் மட்டும் தெரியும். தெரியாத ஊராக இருந்தவரை எவ்வளவு பெரிதாக இருந்ததோ அவ்வளவும் பலம், தெரிந்த பிறகு அதே பெரிசுதான் பாரம்.

ஆயுதத்தை மாற்றிப் பார்க்கும் ஆசை எனக்கு அதிகம், அதற்கு இந்த கேம் சரியாக ஒத்துழைக்காது. சாதாரண ஆயுதம் ஒன்றை +25 வரை கொண்டுபோக, மூன்று மூன்று படியாக விதவிதமான கற்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் 12 கல், கடைசிப் படிக்கு மட்டும் ஒரே ஒரு தனிக் கல். நடுவில் வேறு ஒரு வாள் பிடித்துவிட்டால் அதற்கும் முதலிலிருந்து. சுரங்கங்களில் கிடைக்கும் பெல் பேரிங் என்ற பொருட்களைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் கற்களைக் கடையிலேயே வாங்கலாம், ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இது சுலபம்.

க்வெஸ்ட் (வழியில் சந்திப்பவர்களின் கிளைக் கதைகள்) விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. குறிப்பேடு கிடையாது. காட்டில் ஓநாய் ஊளை கேட்கிறது, அது யார் என்று அறிய முதல் தேவாலயத்து வியாபாரியிடம் போய்ப் பேசி, அவர் சொல்லித்தரும் சொடக்கைப் போட்டு அவனைக் கீழே வரவழைக்க வேண்டும். இந்த ஒன்றை நானாகக் கண்டுபிடித்தபோது அவ்வளவு சந்தோஷம். ஆனால் இதே மாதிரி பத்துப் பன்னிரண்டு கதைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, பத்து நாள் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் யார் எங்கே வரச் சொன்னார் என்பதே நினைவிருக்காது. 2022 மார்ச்சிலேயே ஒரு பேட்ச் வந்து, சந்தித்த ஆட்களின் இடத்தை மேப்பில் காட்ட ஆரம்பித்தது, அது இல்லாமல் முதல் சில வாரங்களை எப்படி ஓட்டினேனோ. நான் கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன்.

பி.சி.யில் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் போகாது, எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும். பாஸ் (நிறுத்தி வைப்பது, அடிப்பவன் அல்ல) பட்டனும் இல்லை. வாசலில் யாராவது வந்தால் சாக வேண்டியதுதான் என்றிருந்தேன், பிறகுதான் தெரிந்தது: மெனுவுக்குள் போய் உதவிப் பகுதியில் மெனு விளக்கத்தைத் திறந்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். ஆன்லைனில் இல்லாமல் ஆடும்போது இது பெரிய வரம்.

டி.எல்.சி.க்குள் நுழைய ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் ஜெயித்திருக்க வேண்டும், ஆகவே புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளே அதை வாங்க அவசரப்பட வேண்டியதில்லை. அங்கே நம் லெவல் பெரிதாக எடுபடாது, தேடிச் சேர்க்கும் துண்டுகளால் ஏறும் ஆசி ஒன்று இருக்கிறது, 20 வரை. அது தெரியாமல் நேரே பாஸிடம் போய் நொறுங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் மேலும் கீழும் மடிந்து மடிந்து கிடக்கும் அந்த நிலப்பரப்பு மூலக் கேமைவிடப் பிரமாதம், இரண்டாவது சுற்றில் விட்டுப்போன அந்தப் பழைய பயம் எனக்குத் திரும்பக் கிடைத்தது அங்கேதான்.

போன வாரம் நண்பர் ஒருவர் ஆட ஆரம்பித்தார், ஏதாவது சொல்லேன் என்று கேட்டார். விகரைப் பற்றிச் சொன்னேன், ட்ரீ சென்டினலை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன், நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏரி நடுவே இருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.