அட்டனிலிருந்து ஒரு மதிப்பீடு: பிஎச்பியின் ஸ்டர்_ரிப்ளேஸ்

இலங்கையின் மலையக நகரான அட்டனில் நடைபெறும் ஒரு மேலதிக வகுப்பின் இணையத்தளத்தைப் பராமரித்து வருகிறேன். அதன் நேரசூசிகளிலும் அறிவித்தல்களிலும் பலரும் பலவிதமாக எழுதிய ஊர்ப் பெயர்களைச் சீராக்குவதற்குப் பிஎச்பி என்ற நிரல்மொழியில், ஒரு சொல்லைத் தேடி வேறொன்றாக மாற்றும் ஸ்டர்_ரிப்ளேஸ் (str_replace) சார்பையே நீண்ட நாளாகப் பயன்படுத்துகிறேன்.

தேடும் சொல், மாற்றுச் சொல், மூலச் சரம் (மாற்ற வேண்டிய உரை) ஆகிய மூன்றையும் கொடுத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற மற்றொரு நிரல்மொழியின் ரிப்ளேஸ், சாதாரணச் சரத்தைத் தேடும்போது முதலில் வருவதை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும். இதுவோ கண்ட இடமெல்லாம் மாற்றுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைப் பிடித்தாலும் எழுத்துகள் சிதைவதில்லை.

ஆனால் தமிழுக்கென்று தனிக் கவனம் வேண்டும். "அட்டன்" என்று தேடினால் "அட்டனில்" அகப்படாது. புள்ளி தனிக் குறியீடு என்பதால், அதை விட்டு "அட்டன" என்று தேடி "ஹட்டன" என மாற்றினால் இரண்டும் திருந்திவிடும். "கண்டி"யை "கண்டி மாவட்டம்" ஆக்கப் போய், "கண்டிப்பாக வரவும்" என்ற அறிவித்தலை நானே கெடுத்திருக்கிறேன்.

என்னை மிகவும் அலைக்கழித்தது கொட்டகலை என்ற ஊர்ப் பெயர்தான். திரையில் பெயர் தெளிவாகத் தெரிந்தும், மாற்றங்களின் எண்ணிக்கையைத் தரும் நான்காவது அளவுரு பூச்சியத்தையே காட்டியது. "கொ"வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை ஸ்டர்_ரிப்ளேஸுக்கு வெவ்வேறு. மூலச் சரம், தேடும் சொல் இரண்டையும் முதலில், இத்தகைய வேறுபாடுகளை ஒரே வடிவாக்கும் நார்மலைசர் (Normalizer) கொண்டு இயல்பாக்கிய பிறகே வேலை நடந்தது.

பல சொற்களைப் பட்டியலாக, அதாவது அணிகளாக, கொடுக்கும்போதும் அவதானம் தேவை. காலை வகுப்பை மாலைக்கும் மாலை வகுப்பைக் காலைக்கும் மாற்ற முயன்றபோது, இச்சார்பு சோடிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படுத்துவதால், முதலில் எல்லாம் மாலையாகி, பின்னர் எல்லாமே காலையாகிவிட்டன. ஒருமுறை மாற்றியதை மீண்டும் தொடாததும், நீளமான சொல்லை முதலில் பார்ப்பதுமான, பிஎச்பியின் எஸ்டிஆர்டிஆர் (strtr) சார்பே இதற்கு உரியது. ஒரே ஒரு சொல்லை மாற்ற ஸ்டர்_ரிப்ளேஸை மனமாரப் பரிந்துரைப்பேன். பட்டியலாக மாற்ற வேண்டியிருந்தால் எஸ்டிஆர்டிஆரையே எடுங்கள்.

நார்மலைசர், பிஎச்பியுடன் கூடுதலாகச் சேர்க்கும் intl என்ற நீட்சியைச் சேர்ந்தது. தமிழ்த் தளத்துக்கு ஹோஸ்டிங் வாங்குவோர், அந்த நீட்சி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.