ஈர வெப்பத்தில் ஒட்டுத்துணிப் போர்வைகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தைத்து முடித்த அன்று எந்தக் குவில்ட்டும், அதாவது ஒட்டுத்துணிப் போர்வையும், அழகாகத்தான் இருக்கும். வீட்டில் பலர் போர்த்தி, பிள்ளைகள் மேலே உருண்டு புரண்டு, மழைக்காலத்தில் காயாமல் கிடந்து, திரும்பத் திரும்பத் துவைக்கப்பட்ட பிறகே அதன் தரம் தெரிய வருகிறது. ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் இப்போது செம்பனையும் சூழ்ந்திருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பல ஆண்டுகளாக நான் தைத்து, என் குடும்பத்தார் பயன்படுத்திவரும் குவில்ட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். குளிர்நாட்டவர் தமக்கென வகுத்த முறைகள் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. எவை பொருந்துகின்றன என்பதைப் புதிதாகத் தைக்கத் தொடங்குபவர்கள் துணி வாங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

மேல்துணி, நடுவில் நிரப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் தையலால் பிணைத்தால் குவில்ட் ஆகிறது. இவற்றுள் நிரப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் தட்பவெப்பம் முதலில் குறுக்கிடுகிறது. கடைகளில் எளிதில் கிடைப்பது பாலியெஸ்டர் விரிப்பு, அதாவது தாள்போல் விரித்து வைக்கும் நிரப்பு. அதற்கு எடை குறைவு, விலையும் குறைவு, துவைத்த அன்றே காய்ந்துவிடும். ஆனால் அது வியர்வையை உறிஞ்சுவதில்லை. மின்விசிறி மட்டுமே ஓடும் அறையில் படுக்கும் என் அம்மா பாலியெஸ்டர் நிரப்பிய குவில்ட்டை நள்ளிரவுக்குள் காலடிக்குத் தள்ளிவிடுவார். கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் உறங்கும் என் மகளோ அதைத்தான் கேட்டு வாங்கிச் சென்றாள். நாள்பட்ட பயன்பாட்டில் இன்னொன்றும் தெரிந்தது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத் துணிகளின் வழியே பாலியெஸ்டரின் வெள்ளை இழைகள் மெல்ல மெல்ல வெளியே வந்து, துணிமேல் பூஞ்சை படர்ந்தாற்போல் காட்டுகின்றன. அவற்றைப் பிடித்து இழுத்தால் இன்னும் அதிகமாக வரும் என்பதால், அடர்நிற மேல்துணிக்கு இந்த நிரப்பை நான் பரிந்துரைப்பதில்லை.

பருத்தி விரிப்பு உடலுக்கு இதமானது. முதல் துவைப்பில் ஏறக்குறைய 3 முதல் 5 விழுக்காடு வரை அது சுருங்கும். மேல்துணியை முன்பே துவைத்திருந்தால், அந்தச் சுருக்கம் பழைய போர்வைகளுக்கே உரிய மென்மையான மடிப்புகளைக் குவில்ட் முழுவதும் உண்டாக்கும். எனக்கு அந்தத் தோற்றம் மிகவும் பிடிக்கும். தையல் வரிகளுக்கிடையே அதிக இடைவெளி விட்டால் பஞ்சு பிரிந்து ஓரங்களில் திரளும். விரிப்பின் உறையில் அதிகபட்ச இடைவெளியைக் குறித்திருப்பார்கள். நான் அதைவிடக் குறைத்து, 8 சென்டிமீட்டருக்கு ஒரு வரியாவது தைக்கிறேன். குறை என்றால் ஈரத்தில் அதன் எடைதான். இரட்டைக் கட்டில் அளவுள்ள பருத்திக் குவில்ட்டை நனைத்த பிறகு ஒருவர் தனியாகத் தூக்குவது கடினம். மழை தொடர்ந்து பெய்யும் நாள்களில் அது வீட்டிற்குள் காயவே காயாது. இலவம் பஞ்சைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தலையணைக்கும் மெத்தைக்கும் அது சிறந்தது. ஆனால் குவில்ட்டுக்கு ஆகாது; ஒரு முறை துவைத்தாலே கட்டிகட்டியாகிவிடும்.

எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுபவை நிரப்பே இல்லாதவை. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் இணைக்கும் வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் தைக்கும் கவந்தியும் இந்த வகையைச் சேர்ந்தவை. கவந்தியில் பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறியிருக்குமாறு வைத்து, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்துப் பொருத்தும் சிறு துணிப்பூக்கள் இல்லாவிட்டால் போர்வை நிறைவு பெறாது என்பது அவர்களின் கருத்து. அளவுகோலும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஊசி, நூல், பழந்துணி ஆகியவை இருந்தாலே போதும். வெப்பமண்டல மக்களே தம் தேவைக்கு உருவாக்கிய இந்த முறைகள், விலையுயர்ந்த நிரப்புகளைவிட நமக்கு நெருக்கமானவை என்பதை நான் முழு மனத்தோடு சொல்வேன். இம்முறையில் என் அம்மாவுக்குத் தைத்த போர்வை காலையில் துவைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் நள்ளிரவில் அது காலடிக்குப் போவதில்லை.

துணியைப் பொறுத்தவரை, நம் வீடுகளிலும் தையல் கடைகளிலும் இருக்கும் செல்வத்தைப் பலர் உணர்வதில்லை. பலமுறை துவைத்து நைந்த பருத்திக் கைலி அடித்துணிக்கு மிகச் சிறந்தது. அது இனிச் சுருங்காது, சாயமும் விடாது. தீபாவளிக்கு முன் தையல்காரர்களிடம் ரவிக்கைத் துணித் துண்டுகள் நிறையச் சேரும். கேட்டால் பை நிறையத் தருவார்கள்; நெருக்கமான நெசவுள்ள அத்துண்டுகள் பிசிறில்லாமல் வெட்டுப்படும். கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்திக் துணியைச் சேர்ப்பதானால் முதலில் அது பருத்தியா ரேயானா என்று பார்க்க வேண்டும். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் இழுபட்டுக் கோணலாகும். கையால் வரையும் பாத்திக்கில் சாயத்தை நிலைநிறுத்த சோடியம் சிலிக்கேட் கரைசலைப் பூசுகிறார்கள். அப்படியிருந்தும் மீதச் சாயம் முதல் சில துவைப்புகளில் வெளியேறும். சின்னாளப்பட்டியிலிருந்து வரும் சுங்குடிச் சேலைகளுக்கும் இது பொருந்தும். நீர் தெளிவாகும் வரை அலசி, ஈரத்துணியை வெள்ளைத் துண்டின்மேல் அழுத்திப் பார்த்த பிறகே இவற்றை நான் வெட்டுகிறேன்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகும்போது அணிந்த முழுக்கைச் சட்டைகளையும் ஒரு குவில்ட்டில் சேர்த்தேன். காய்ந்த ரப்பர் பால் துணியிலிருந்து போகாது; ஊசியிலும் பிசின்போல் ஒட்டும். ஆகவே கறை பட்ட இடங்களை நீக்கி, நல்ல பகுதியை மட்டும் 10 சென்டிமீட்டர் சதுரங்களாக எடுத்தேன். முழங்கைப் பகுதி நைந்திருந்ததால் அந்தச் சதுரங்களுக்கு அடியில் ‘வாயில்’ (voile) எனப்படும் மெல்லிய பருத்தித் துணியைச் சேர்த்துத் தைத்தேன். தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்து வீடுகளே இல்லாமற்போன பிறகு, அந்த வாழ்க்கையிலிருந்து எங்களிடம் எஞ்சியிருக்கும் மிகச் சில பொருள்களில் அதுவும் ஒன்று. அதனால் அதை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும் என்று உறவினர் சிலர் கூறினார்கள். நான் உடன்படவில்லை. அதை என் தம்பி அன்றாடம் பயன்படுத்துகிறான். அதுவே சரி என்று நினைக்கிறேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாட்டியின் மிதி மெஷின் நேர்த்தையலை இன்றும் குறையின்றித் தைக்கிறது. துண்டுகளை இணைக்க 80 எண் ஊசியும், அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க 90 எண் ஊசியும் போதுமானவை. பெரிய குவில்ட்டை மெஷினின் கழுத்துக்குள் சுருட்டித் திணிப்பது சிரமமாதலால், பகுதி பகுதியாகத் தைத்து முடித்துப் பிறகு இணைக்கிறேன். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்திய, உருட்டி வெட்டும் வட்டக் கத்தி இத்தொழிலின் வேகத்தையே மாற்றியது. நேர்கோட்டில் வெட்ட அதற்கு இணையில்லை. எந்தக் கத்தியானாலும் நம் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால், எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைப்பது நல்லது. வெட்டும் பலகையை வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது. சூட்டில் வளைந்தால் பழைய நிலைக்கு எளிதில் திரும்பாது.

பேரன் பிறந்தபோது தைத்ததைத் தரை விரிப்பாக மட்டுமே பயன்படுத்தினோம். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் போர்வை, தலையணை போன்ற மென்பொருள்கள் மூச்சை அடைக்கக்கூடும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பரிசாகக் கொடுப்பவர்கள் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

பயணங்களில் குவில்ட் எனக்கு இரு வகையில் துணையாக இருக்கிறது. மகளைப் பார்க்க இடிஎஸ் எனும் மின்சார ரயிலில் போகும்போது பெட்டிக்குள் குளிர் கடுமையாக இருக்கும். ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவில் நிரப்பில்லாமல் தைத்த சிறு போர்வை கைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. கேமரன் மலைக்குச் செல்லும்போது அது போதாது; 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த அங்குள்ள தானா ராத்தாவில் இரவுக் குளிருக்குப் பருத்தி விரிப்பு நிரப்பிய குவில்ட்டே ஏற்றது. கீழே நமக்குச் சுமையாகத் தோன்றும் அதன் கனம் அங்கே ஆறுதலாகிறது. இரண்டாவது, பயணத்திலேயே தைப்பது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையை அறுகோணங்களாக வெட்டி, அவற்றின்மேல் துணியை மடித்து நூலோட்டி, பின்னர் ஓரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கைவேலைக்கு மேசையும் மின்சாரமும் தேவையில்லை. ஈப்போவைத் தாண்டும்போது தொடங்கினால், கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு பூ வடிவம் முழுமை பெற்றுவிடும். அருகில் அமரும் பெண்கள் பெரும்பாலும் பேச்சுக் கொடுப்பார்கள். மலாய்ப் பெண்கள் பலர் பள்ளியில் ‘தம்பால் சந்தும்’ எனும் ஒட்டுத்துணி வேலை தைத்த நினைவுகளைச் சொல்வார்கள்.

துவைப்பதற்குக் குளிர்ந்த நீரும் மிதமான சோப்பும் போதும். பெரியவற்றை ஊரிலுள்ள சுயசேவை டோபிக்கு (சலவைக் கடைக்கு) எடுத்துச் சென்று, உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் முக்கால் பங்கு காயவைத்து, மீதியை வீட்டில் நிழலில் விரிக்கிறேன். முழுமையாகக் காயாமல் மடித்து வைப்பதே பூஞ்சைக்குக் காரணம். பிளாஸ்டிக் பையில் ஈரம் வெளியேறாமல் தங்கும் என்பதால் பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வைக்கிறேன். அவ்வப்போது வெளியே எடுத்து மடிப்பை மாற்றினால் ஒரே கோட்டில் துணி நைந்து போகாது. உலர்ந்த வேப்பிலையைச் சிறு துணிப்பையில் கட்டி உடன் வைப்பது அம்மாவின் பழக்கம். நானும் அதைத் தொடர்கிறேன்.

எந்தக் குவில்ட்டிலும் முதலில் தேய்வது ஓரப்பட்டைதான், குறிப்பாக முகத்தருகே வரும் பக்கம். துணியின் நெசவுக்குச் சாய்வாக வெட்டிய பட்டையை இரண்டாக மடித்து வைத்துத் தைத்தால் அதிக காலம் உழைக்கிறது. தேய்ந்த பிறகு அதைப் பிரித்து மாற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். தைக்கும்போதே அதே துணியில் ஒரு மீட்டர் எடுத்து வைத்து, குவில்ட்டோடு சேர்த்தே துவைத்து வந்தால், மாற்றும் பட்டையின் நிறமும் பழையதோடு ஒத்துப்போகும்.