கிட்டாரும் கிளாஸும் சேர்த்துத் தருகிறோம் என்றால் உஷார்! என் 13,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயரைப் போடவில்லை, புகார் முடிகிற வரை போடாதே என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். பாண்டிச்சேரியில் இசைக்கருவி விற்கிற கடை, கீழே விற்பனை, மாடியில் கிளாஸ். அந்த மாதிரி கடை எங்கே இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு வயது 44. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வேலை. பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், சாயங்காலம் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி இளையராஜா பாட்டு நாலு வாசித்தால் போதும் என்று ஒரு ஆசை. கச்சேரியா பண்ணப் போகிறேன்?

அந்த ஆள் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டார். நானே விலை கூடின கிட்டார் ஒன்றைக் காட்டினேன். "அது உங்களுக்கு வேணாம்க்கா, ஆரம்பத்துக்கு எதுக்கு அவ்ளோ காசு, இது போதும்" என்று 9,000 ரூபாய் கிட்டாரை எடுத்தார். விலை கம்மியானதை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? நேற்றுதான் பெட்டி பிரித்தோம், புத்தம் புதுசு என்றார். மடியில் வைத்து நான் சொன்ன பாட்டையே வாசித்தும் காட்டினார், அருமையாக இருந்தது. ஆனால் அவர் கை முதல் மூன்று ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கோடு) தாண்டவே இல்லை. தலைப்பக்கம் கம்பி எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும், கை பழகினவர் அந்த இடத்தில் எந்த ஓட்டை கிட்டாரையும் நன்றாக வாசித்துக் காட்டிவிடுவார். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிற விஷயம்.

கிட்டார் 9,000, மூன்று மாத கிளாஸ் 4,500, மொத்தம் 13,500 ரூபாய். பையும், கழுத்தில் மாட்டுகிற கேப்போ கிளிப்பும் இலவசம். ஜிபேயில் கட்டினேன். பில் கேட்டதற்கு பிரிண்டர் ரிப்பேர், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

கிளாஸில் ஆரம்பத்தில் ஒரு மாஸ்டர் வந்தார். அப்புறம் அவருக்குக் கல்யாண சீசன் கச்சேரி, பதிலுக்கு ஒரு பையன் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே "இந்த வீடியோவைப் பாத்து பிராக்டீஸ் பண்ணுங்க மேடம்" என்பான். அதற்கா 4,500 ரூபாய்? அதையாவது விடுகிறேன். எவ்வளவு அழுத்தினாலும் ஒரே விரலால் பல கம்பியை அமுக்குகிற எஃப் கார்டு வரவில்லை, விரல் நுனி கன்றிப்போய் ஆபீஸில் கீபோர்டு தட்ட முடியவில்லை. மாஸ்டரிடம் சொன்னால் "எல்லாருக்கும் வலிக்கும் மேடம், பழகிடும்" என்றார். அதில் பாதி உண்மை இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. ஸ்டீல் கம்பியில் முதல் சில வாரம் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும், அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓட்டை கிட்டாரை விற்றுவிடலாம். அதோடு விட்டாரா, "வயசாயிடுச்சுல்ல, விரல் கொஞ்சம் கட்டிப்போயிருக்கும்" என்று ஒரு வார்த்தை வேறு. வீட்டுக்கு வந்து அழுகையாக வந்தது.

ஆபீஸ் தோழியின் மகன் சர்ச்சில் வாசிக்கிறவன், ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கையில் வாங்கினதுமே "ஆன்ட்டி, இதை எப்படி அமுக்குனீங்க?" என்றான். ஸ்கேல் கேட்டான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் சரி, இதில் கிட்டத்தட்ட 5. பிறகு என் கைப்பையில் கிடந்த பாண்டி பஸ் டிக்கெட்டை எடுத்து, கம்பி கட்டியிருக்கிற பிரிட்ஜுக்குப் பின்பக்கம் செருகினான். சர்ரென்று பாதி உள்ளே போய்விட்டது. பலகையை விட்டு பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கிறது! ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும், பசை விட்டால் அப்படித்தான் தூக்கும் என்றான். ஓரத்தில் பளபளவென்று காய்ந்த பசைக் கோடு வேறு, யாரோ ஏற்கெனவே ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதல் மூன்று ஃப்ரெட்டில் மெல்லிய கம்பிகளுக்குக் கீழே நகத்துக்குத் தட்டுப்படுகிற அளவு பள்ளம். வாங்கிச் சில வாரத்தில் அப்படித் தேயாதாம், வருஷக்கணக்கில் யாரோ வாசித்த கிட்டார். புத்தம் புதுசாம்!

கடைக்கு எடுத்துப் போனேன். கிளாஸில் போன் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன் ஆலன் கீயை விட்டு, கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் ராடைத் திருகி "செட் பண்ணிட்டேன்" என்றான். ட்ரஸ் ராடு கழுத்தின் வளைவைத்தான் சரிசெய்யும், பெயர்ந்த பிரிட்ஜை அது என்ன செய்யும்? ஓனரிடம் கேட்டேன். கடலூர் உப்புக்காத்து, நீங்கள் ஈரத்தில் வைத்திருப்பீர்கள் என்றார். பாண்டியில் என்ன பாலைவனக் காற்றா அடிக்கிறது? அடுத்த தடவை ஓனர் சென்னை போயிருக்கிறார். அதற்கடுத்து கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம். பணம் கட்டுகிறவரை அக்கா, கேட்கப் போனதிலிருந்து மேடம். கடைசியில் "பில் இருக்கா மேடம்?" என்று ஒரு கேள்வி, கொடுக்காத பில்லை அவரே கேட்கிறார். 13,500 ரூபாய், என் சம்பளத்தில் சேர்த்தது.

எனக்கு இப்போதுதான் புரிகிறது, கிளாஸைச் சேர்த்து விற்பதே இதற்காகத்தான். புதுசாகக் கற்கிறவருக்குக் கிட்டாரில் குறையா கையில் குறையா என்று தெரியாது. சொல்ல வேண்டியவர் மாஸ்டர். அவருக்குச் சம்பளம் கொடுப்பதே கடை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அளந்து பாருங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் பேப்பர் போகிறதா பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டி ட்யூனர் ஆப்பில் பாருங்கள், சும்மா விட்ட கம்பியின் அதே சுரம்தான் மேல்ஸ்தாயியில் வர வேண்டும், முள் விலகினால் வேண்டாம். கடையில் சம்பளம் வாங்காத ஒருவரைக் கூட்டிப் போங்கள். பில் கையில் வருகிற வரை பணம் அனுப்பாதீர்கள், பிரிண்டர் ரிப்பேர் என்றால் ரிப்பேர் ஆனதும் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து நுகர்வோர் ஆணையம். கடை பாண்டியில் இருந்தாலும் 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது, அதனால் கடலூரிலேயே போடப் போகிறேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பிரிண்ட் எடுத்தாயிற்று.

கடலூர், பாண்டி பக்கம் பிரிட்ஜைக் கழற்றி முறையாக ஒட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தனியாகக் கடை வைத்திருப்பவராக இருந்தால் நல்லது, கிளாஸ் எடுப்பவர் வேண்டாம்.