ஒரே போன், மூன்று வழி: மல்லி மொட்டைக் காட்டியது எது?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், விடிகாலை அஞ்சு மணி. குவித்து வைத்த மல்லிக்கு நேர் மேலே ஒரு எல்இடி பல்பு. போனை நீட்டி ஒரு படம் எடுத்துக் கடைக்கார அக்காவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தவர், "என்ன தம்பி, சுண்ணாம்பக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு. மொட்டு எங்க?" என்றார். மொட்டு நுனியின் இளம்பச்சை, காம்பு, இரண்டு மொட்டுக்கு நடுவே விழும் துளி நிழல் எல்லாமே வெள்ளையில் கரைந்து போயிருந்தன. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவுக்கு இந்த மரியாதை.

புது போனுக்குக் காசு தேடுவதற்கு முன், கையிலிருக்கும் 18,000 ரூபாய் போனிலேயே மூன்று வழிகளை மோதவிட்டேன். ஒன்று, போனோடு வந்த கேமராவின் ஆட்டோ. இரண்டு, அதே கேமராவில் எல்லாவற்றையும் நாமே திருகி வைக்கிற புரோ மோட். மூன்று, ஜிகேம். கூகுள் தன் பிக்சல் போன்களுக்காகச் செய்த கேமரா ஆப்பை, மற்ற போன்களிலும் ஓடுகிற மாதிரி ஆர்வலர்கள் மாற்றித் தருவதுதான் இந்த ஜிகேம். பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. எல்லா போனிலும் ஓடாது. கண்ட தளத்திலிருந்தும் இறக்கிவிடாதீர்கள், அதே போனில்தான் உங்கள் பேங்க் ஆப்பும் இருக்கிறது.

முதலில் பூ. சுற்றிலும் இருட்டு என்பதால் ஆட்டோ மொத்தப் படத்தையும் தூக்கி வெளிச்சமாக்குகிறது, அதில் பூ வெந்து போகிறது. திரையில் பூவின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். அவ்வளவுதான், மொட்டு மொட்டாகத் தெரிந்தது. இந்த இரண்டு விநாடி வேலையைச் செய்யாமல்தான் பாதிப் பேர் கேமராவைத் திட்டுகிறோம்.

புரோவில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 100; ஷட்டர், அதாவது வெளிச்சத்தை வாங்கும் நேரம், விநாடியில் 1/100 என்று வைத்தேன். அந்த 1/100 சும்மா வைத்ததல்ல. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவு பல்புகள் விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. ஷட்டரை 1/500-க்கு ஏற்றியதும் பூக்குவியல் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடின. 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கினால் பட்டை காணாமல் போகிறது.

ஜிகேம்தான் பூவை நன்றாகவே எடுத்தது, பச்சை நிறம் நேரில் பார்த்தபடியே. ஆனால் பின்னால் மூட்டை தூக்கிப்போன அண்ணனின் தலை இரண்டாகத் தெரிந்தது. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற வித்தை அது. ஆள் நகர்ந்தால் தடுமாறும். "ஐயோ, அண்ணனுக்கு ரெண்டு தல!" என்று அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையே திரும்பிப் பார்த்தது.

நண்பகலில் திருமலை நாயக்கர் மகால். முற்றத்தில் கண் கூசும் வெயில், தூண்களுக்குப் பின்னே இருட்டு. இங்கே புரோ அவுட். ஒரே ஷாட்டில் வானத்தைப் பிடித்தால் தூண் கறுக்கிறது, தூணைப் பிடித்தால் வானம் போகிறது. ரா ஃபைலாக, அதாவது போன் கை வைக்காத பச்சைப் படமாக எடுத்து வீட்டில் உட்கார்ந்து சரி செய்யலாம்தான், ஆனால் என் போனில் ஒரு படம் 20 எம்பிக்கு மேல் வந்தது, பொறுமையும் அதற்குத் தக்கபடி வேண்டும். ஆட்டோ நிழலையெல்லாம் துடைத்துவிட்டுத் தூணை அட்டையில் வெட்டி ஒட்டினது போலக் காட்டியது. நிழலை நிழலாக விட்டுவைத்தது ஜிகேம் மட்டுமே. முழுத் தூணையும் அடக்க 0.6 என்றிருக்கும் அகலக் கோண லென்சைத் தட்டாதீர்கள். என் போனில் அந்த லென்சுக்குப் பின்னால் இருப்பது சின்ன சென்சார், ஓரத்துத் தூண்களும் சாயும். பத்தடி பின்னால் போய் மெயின் கேமராவில் எடுங்கள்.

ராத்திரி வண்டியூர் தெப்பக்குளம். ஆட்டோவின் நைட் மோட் பாஸ் மார்க். கையில் பிடித்து எடுப்பதென்றால் ஜிகேம். போனைச் சுவரில் சாய்த்து, மூன்று விநாடி டைமர் வைத்து, புரோவில் ஐஎஸ்ஓ 50, ஷட்டர் நாலு விநாடி என்று எடுத்த படம்தான் என் ஓட்டைப் பெற்றது. மைய மண்டபத்து விளக்கு தண்ணீரில் பட்டுத்துணி மாதிரி விழுந்திருந்தது. முதல் இரண்டு படங்களில் விளக்கிலிருந்து கோடு கோடாய் வெளிச்சம் வழிந்தது. போனைக் குறை சொல்ல இருந்தேன், பார்த்தால் லென்சில் சாயங்காலம் குடித்த ஜிகர்தண்டாவின் பிசுக்கு. வேட்டி நுனியால் துடைத்ததும் சரியாகிவிட்டது.

போனில் இருக்கும் 50 மெகாபிக்சல் மோடைப் பற்றிக் கேட்பீர்கள். இருட்டில் தொடவே வேண்டாம். சாதாரணமாக நாலு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம் தருவதே வெளிச்சம் போதாத இடத்துக்காகத்தான்.

ஆட்டோ மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு, முகம். கறுத்த முகத்துக்கெல்லாம் கேட்காமலே பவுடர் பூசி, அப்பத்தாவின் நெற்றிச் சுருக்கத்தையும் தேய்த்துவிடுகிறது. பியூட்டி என்று இருப்பதைத் தேடிப்பிடித்து பூஜ்யத்தில் வையுங்கள்.

இப்போதைக்கு என் கணக்கு: அசையாததற்கு ஜிகேம், ஓடும் காளைக்கு வெயிலில் 1/1000 ஷட்டரோடு புரோ, மற்ற நாளெல்லாம் சூரியனைக் கீழே இழுத்த ஆட்டோ. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனே கொண்டுபோக முடியாது, அங்கே இந்தக் கவலையே இல்லை.

மல்லிப் படத்தை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினேன், சாதாரணமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும் என்பதால். பத்து நிமிசத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "படம் நல்லாருக்கு தம்பி. இத எப்பிடி ஸ்டேட்டஸ்ல வைக்கிறது?"