பழைய கல்யாண வீடியோவைப் புதியதில் சேர்க்க எது நல்லது: டிவிடியா, பழைய புரொஜெக்டா, கசெற்றா?

2005இல் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கல்யாணம். ஏ9 பாதை திறந்திருந்த காலம் என்பதால் கனடா, லண்டன் சொந்தக்காரர் எல்லாரும் வந்து நின்ற கல்யாணம். இருபதாவது திருமண நாளுக்குப் பத்து நிமிட வீடியோ ஒன்று செய்து தரும்படி அந்தத் தம்பதியின் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். பழைய காட்சிகளை எடுக்க மூன்று வழி இருந்தது. வீட்டில் இருந்த டிவிடியிலிருந்து வெட்டலாம். அன்று எடிட் செய்த ஸ்டூடியோவில் மிஞ்சியிருந்த புரொஜெக்டை, அதாவது எடிட்டிங் மென்பொருளில் சேமித்த வேலைக் கோப்பைத் திறக்கலாம். அலுமாரியில் கிடந்த நான்கு மினிடிவி (கமராவில் போடும் சின்ன டிஜிட்டல் வீடியோ நாடா) கசெற்றுகளைத் திரும்ப ஓட்டி, மூலக் காட்சியையே கணினிக்கு எடுக்கலாம். நான் கசெற்றுக்குப் போனேன். கசெற் ஓடும் நிலையில் இருக்கும்வரை வேறு வழிக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

டிவிடியின் வசதி எல்லாருக்கும் தெரியும்: கையில் இருக்கிறது, போட்டவுடன் வெட்டலாம். குறையும் தெரிந்ததுதான். நாதஸ்வரத்தின் மேல் சினிமாப் பாட்டு ஏறிவிட்டது, பூ விரியும் டிரான்சிஷனும் பெயர் எழுத்துகளும் படத்தோடு ஒன்றாகிவிட்டன. அந்தப் பாட்டோடு யூடியூப்பில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரக்கூடும். அடுத்தது தரம். இரண்டு மணி நேரக் கல்யாணத்தை 4.7 ஜிபி தட்டில் அடக்கினால் நொடிக்கு சுமார் 5 மெகாபிட் தரவுதான் கிடைக்கும். மினிடிவி கசெற்றில் படத்துக்கு மட்டும் 25 மெகாபிட். இரண்டும் வேறு வேறு விதமாகச் சுருக்குவதால் ஐந்து மடங்கு தரம் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் கூறைச்சேலையின் சரிகையிலும் ஓமப் புகையிலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பழைய புரொஜெக்ட் முதலில் ஆசை காட்டும். எல்லாம் தனித்தனி அடுக்காக இருக்குமே, பாட்டை மட்டும் நீக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் புரொஜெக்ட் கோப்பில் படம் இல்லை. எந்தக் கிளிப் எந்த டிஸ்க்கில், எங்கிருந்து எங்குவரை என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. ஒரு மணி நேரக் கசெற் சுமார் 13 ஜிபி. நான்கு கசெற் என்றால் 50 ஜிபிக்கு மேல். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கில் இதை வைத்திருக்க இடம் ஏது? அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்தை ஏற்றியிருப்பார்கள். பழைய பதிப்பு ஏற்றிய கணினி அங்கேயே இருந்ததால் புரொஜெக்ட் திறந்தது. கிளிப் ஒன்றும் இல்லை. தலைப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும்.

ஆனாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். கசெற்றின் டைம்கோட் (ஒவ்வொரு பிரேமுக்கும் கமரா பதியும் நேர எண்) அதில் பதிந்திருந்தால், தாலிகட்டு எந்தக் கசெற்றில் எத்தனையாவது நிமிடம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு அது நல்ல வழிகாட்டியாக உதவியது.

சரி, கசெற்றுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்? தரத்தை விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: அசைவு.

நம் நாட்டில் அன்று ஓடிய கமராக்கள் ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறையில் பதிபவை. நொடிக்கு 25 பிரேம் (முழுப் படம்), ஒவ்வொரு பிரேமும் 720க்கு 576 புள்ளி. ஆனால் ஒரு பிரேம் என்பது ஒரே கணத்தில் எடுத்த படம் அல்ல. ஒன்றுவிட்ட கோடுகள் ஒரு கணத்தில் பதியும், மீதிக் கோடுகள் அதிலிருந்து ஐம்பதில் ஒரு நொடி கழித்துப் பதியும். இந்தப் பாதிப் படங்களைத்தான் ஃபீல்ட் என்கிறோம். அதாவது ஒவ்வொரு நொடிக்கும் 50 வெவ்வேறு கணங்கள் கசெற்றில் இருக்கின்றன. அறுகரிசி போடும் கை அசையும்போது இரண்டு ஃபீல்டிலும் கை வேறு வேறு இடத்தில் இருக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை மாறி மாறிக் காட்டியதால் அசைவு வழுக்கிக்கொண்டு போனது. இன்றைய திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் கையின் ஓரம் சீப்பின் பல் போலப் பிளந்து தெரியும்.

இதைச் சரியாகப் பிரித்தெடுத்தால் நொடிக்கு 50 முழுப் பிரேம் கிடைக்கும். கியூடிஜிஎம்சி என்ற இலவசக் கருவி இந்த வேலையை அருமையாகச் செய்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஃப் அதைவிட வேகம், தரம் கொஞ்சம் குறைவு. அப்படிக் கிடைத்த 50 பிரேமை நொடிக்கு 25 பிரேம் ஓடும் டைம்லைனில் (எடிட்டிங்கில் காட்சிகளை அடுக்கும் பட்டி) ஓட்டினால் பாதி வேகத்தில் உண்மையான ஸ்லோ மோஷன். மகள் என்னிடம் கேட்டதும் அதைத்தான்: “அண்ணா, அப்பா தாலி கட்டுற இடத்தை மெதுவாக் காட்டேலுமோ?” 2005ஆம் ஆண்டுக் கமராவின் காட்சியில் அது நடுக்கமில்லாமல் வந்தது. இல்லாத கணம் ஒன்றையும் மென்பொருள் கற்பனை செய்யவில்லை. அத்தனையும் கசெற்றில் இருந்த கணங்கள்.

டிவிடியும் ஃபீல்டுகளைச் சுமக்கக்கூடியதுதான், அதை மறைக்கக் கூடாது. ஒழுங்காக எழுதிய டிவிடியில் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் அன்றைய எடிட்டில் மெதுவாக்கிய இடம், பெரிதாக்கிய இடம், ஒன்றில் ஒன்று கரையும் இடம் எல்லாவற்றிலும் ஃபீல்டுகள் கலந்துபோயிருக்கும். நம் கல்யாண வீடியோக்களில் எந்த இடத்தை மெதுவாக்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தாலிகட்டு, மாலை மாற்றல், அறுகரிசி. இன்று நமக்கு வேண்டிய அதே இடங்கள்! அந்த டிவிடியில் தாலிகட்டு ஏற்கனவே இழுபட்டு, இதய வடிவ வளையத்துக்குள் கிடந்தது. அதை மேலும் மெதுவாக்கினால் பேய் நிழல்தான் மிஞ்சும்.

கசெற்றிலிருந்து எடுத்த பிறகும் ஒரு கவனம் வேண்டும். கோப்பை அப்படியே 1080 டைம்லைனில் போட்டால் பிரீமியர் எடிட்டிங் மென்பொருள் ஒரு ஃபீல்டை விட்டுவிட்டு மற்றதை நீட்டும். 576 கோட்டில் 288தான் மிஞ்சும். ஆகவே முதலில் ஃபீல்டைப் பிரித்து, எடிட்டிங்குக்கு ஏற்ற ப்ரோரெஸ் போன்ற கோப்பு வடிவில் 50 பிரேமாக எழுதி, அதற்குப் பிறகுதான் டைம்லைனுக்குக் கொண்டுவர வேண்டும். மினிடிவியில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும். அதை மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு அசைவும் முன்னும் பின்னும் துள்ளும். சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுக்கவும் வேண்டாம். 1440க்கு 1080 அளவில் நடுவே நிறுத்தி இரு பக்கமும் கறுப்பாக விட்டாலே வடிவாக இருக்கும். முகங்களை அகலமாக்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

கசெற்றின் உண்மையான சிரமம் கருவிதான். புதிய மினிடிவி கமரா இப்போது யாரும் செய்வதில்லை, பழையது தேட வேண்டும். கணினியில் ஃபயர்வயர் கார்ட் (கமராவின் டிஜிட்டல் காட்சியை அப்படியே வாங்கும் இணைப்பு) வேண்டும். பெரும்பாலான கமராக்களின் யுஎஸ்பி வாயில் முழுத் தரக் காட்சி வராது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் எடுத்தால் டிஜிட்டல் காட்சி அனலொக் ஆகித் திரும்பவும் டிஜிட்டல் ஆகும். அது வேண்டாத சுற்று. ஒரு மணி நேரக் கசெற்றில் 90 நிமிடம் வர எல்பி (நாடாவை மெதுவாக ஓட்டும்) முறையில் பதிந்த கசெற் வேறு கமராவில் ஓட மறுக்கலாம், எடுத்த கமராவே கிடைத்தால் நல்லது. நம் ஊர் ஈரமும் வெக்கையும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். வெள்ளையாகப் படிந்திருந்தால் கமராவில் போடாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட்டும் சேர்ந்து கெடும். ஒரு மணி நேரக் கசெற்றுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டால், நாதஸ்வரமும் ஐயரின் மந்திரமும் பாட்டுக் கலப்பில்லாமல் கையில் இருக்கும். கமராவில் திகதியும் நேரமும் சரியாக வைத்திருந்தால் அவையும் காட்சியோடு வரும்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருட்களை ஒரு சில குளோசப்பில்தான் போட்டுப் பார்த்தேன். அம்மம்மாவின் முகம் வழவழப்பாகி வேறு ஆள் போலத் தெரிந்தது, ஆகவே விட்டுவிட்டேன். தூரக் காட்சிகளில் அது நன்றாக வரலாம். விஎச்எஸ் கசெற்றிலும் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே ஓட்டும் டெக்கின் நிலையும் படத்தின் நடுக்கத்தைச் சரிசெய்ய இடையில் வைக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியும் முடிவைத் தீர்மானிக்கும் என்பதால், மேலே சொன்னதை அப்படியே பொருத்த வேண்டாம்.

கசெற் போய்விட்டது, டிவிடி மட்டும்தான் என்றால் எந்தப் பிரதி என்று பாருங்கள். கனடாவிலிருந்து திரும்பி வந்த பிரதி வட அமெரிக்க வீடியோ முறையான என்டிஎஸ்சி ஆக மாற்றியதாக இருக்கலாம். நொடிக்கு 29.97 பிரேம், 480 கோடு. மாற்றும்போது அடுத்தடுத்த ஃபீல்டுகளைக் கலந்திருந்தால் அதைத் திரும்ப 25க்குக் கொண்டுவந்தாலும் கலக்கம் போகாது. லண்டனிலோ ஜெர்மனியிலோ யாரிடமாவது ஒரு பிரதி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள், அங்கேயும் ‘பால்’ முறைதான். ஓடவிட்டுத் திரையைப் பதிய வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லவும் வேண்டாம். தட்டில் காட்சி இருக்கும் விஓபி (VOB) கோப்புகளை அப்படியே பிரதி எடுத்து கூகிள் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.