‘புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம் சார்’

வீட்டில் ஒரு பழைய தேக்குப் பெட்டியோ ஈஸி சேரோ கிடக்கிறது, ஒரு பாலிஷ் போட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு பட்டறைக்குப் போங்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

என் அம்மாவின் தாத்தா காரைக்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்த வீட்டில் பாகம் பிரித்தபோது, அவர் உட்கார்ந்து எழுதிய சாய்வு மேஜையை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற உயரம். மூடியைத் தூக்கினால் உள்ளே பேரேடு வைக்க இடம், மைக்கூட்டுக்கு ஒரு குழி, ஓரத்தில் சின்னதாக ஓர் இழுப்பறை. மூடி 18 அங்குல அகலம், ஒரே பலகை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வருவதற்கு முன்னால் கப்பலில் வந்த தேக்கு என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையோ பெருமையோ, இன்று அந்த அகலத்தில் ஒரே பலகையாகத் தேக்கு கேட்டால் மரக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் இருந்தது. பழைய தமிழ் எண்களில், ௱, ௰ எல்லாம் போட்டு நாலைந்து வரி எழுதி, அடியில் கோடு போட்டு, விடை எழுதாமல் விட்டிருந்தார். அம்மா சின்ன வயதில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து விடையைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாளாம்.

மேஜையில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு கீல் ஆடியது, பின்மூலையில் பொருத்து விட்டிருந்தது, மேலே பாலிஷ் கறுத்துப் போயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு பின்கட்டில் ஒரு பெஞ்ச் போட்டு நானும் கொஞ்சம் மரவேலை பார்க்கிறேன். கீலும் பொருத்தும் நானே செய்திருப்பேன். பிரெஞ்சு பாலிஷ்தான் எனக்குக் கை வராது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு வைத்து, மெல்லிசாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் கை நின்றால் அங்கே தடம் விழும். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. அதனால் திருச்சியில் ஒரு பட்டறையைத் தேடிப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

அங்கே காட்சிக்கு வைத்திருந்த எல்லாச் சாமானும் ஒரே மாதிரி பளபளத்தது. கட்டிலும் அப்படித்தான், கதவும் அப்படித்தான், ஊஞ்சல் பலகையும் அப்படித்தான். நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். “புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம் சார்” என்றார் உரிமையாளர். 14,000 ரூபாய் பேசி, 6,000 முன்பணம் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் ‘டெஸ்க் 1, பாலிஷ்’ என்று எழுதிக் கொடுத்தார். அளவு இல்லை, மரம் என்ன என்று இல்லை, என்ன பாலிஷ் என்றும் இல்லை. வங்கியில் முப்பது வருஷம் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கியவன் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பேச்சுவாக்கில் என் பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். “உளியெல்லாம் இருக்கா சார்? கொண்டாங்க, மிஷின்ல சாணை புடிச்சுத் தர்றோம். அதுக்குக் காசு வேணாம்.” சும்மா கிடைக்கிறதே என்று மறுநாள் நாலு உளியும் ஓர் இரும்பு இழைப்புளியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் தெருவில் இருந்த பெரிய ஆசாரி, கண் மங்கிய பிறகு எனக்குக் கொடுத்த உளிகள் அவை.

பத்து நாளில் என்றார்கள், ஆறு வாரம் ஆனது. ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டெம்போவில் வந்து இறங்கியது. சுற்றிலும் பபிள் ஷீட். டெம்போக்காரர் அவசரப்படுத்தினார். டியூப்லைட் வெளிச்சத்தில் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு மீதி 8,000-ஐயும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

காலையில் அம்மா மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா கணக்கு எங்கடா?”

தேய்த்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தபோதுதான் விஷயமே வேறு என்று தெரிந்தது. பழைய கீலில் நேர்க்கோட்டு வெட்டு உள்ள பித்தளைத் திருகாணிகள் இருந்தன. இப்போது கூட்டல் குறி போட்ட திருகாணிகள். சரி, கீலை மாற்றியிருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். மூடியின் ஓரத்தைப் பார்த்தேன். ஒரே பலகையாக இருந்தால் மேலே ஓடும் வரிகள் முனையில் வளைய வளையமாக, வெட்டிய மரத்தின் தலை போலத் தெரிய வேண்டும். இங்கே நாலு பக்கமும் அரை அங்குலத்துக்குத் தேக்குச் சட்டம் ஒட்டியிருந்தது. மேல்வரி எதுவும் ஓரத்தில் தொடரவில்லை. விரலால் தட்டினால் சத்தமும் வேறு. சட்டத்துக்குள்ளே பிளைவுட், மேலே தாள் கனத்துக்குத் தேக்கு வெனீர், உள்பக்கம் பிரவுன் சாயம். கீல் திருகாணியைக் கழற்றி ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன், அடுக்கடுக்காகத் தெரிந்தது.

பாலிஷாவது ஒழுங்கா என்று இழுப்பறையின் அடியில் சோதித்தேன். இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து மறைவான இடத்தில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். அரக்குப் பாலிஷ் என்றால் இளகிப் பிசுபிசுக்கும். இங்கே ஒன்றும் ஆகவில்லை. அடித்திருப்பது மெலமைன் என்கிற செயற்கைப் பூச்சு. புது மர சாமானுக்கு மெலமைன் தப்பில்லை, தண்ணீர் பட்டாலும் தாங்கும். ஆனால் அரக்குப் பாலிஷ் மங்கினால் அதன்மேலேயே திரும்பத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம், புதுப் பூச்சு பழையதோடு கரைந்து சேர்ந்துகொள்ளும். மெலமைன் அப்படிச் சேராது. அது உரிந்தால் மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டு எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் மரமும் கொஞ்சம் போகும். இவர்கள் ஏற்கெனவே மிஷின் போட்டு இழுத்ததில் முன்விளிம்பில் தாத்தாவின் முழங்கை பட்டுப் பட்டு வழவழப்பான பள்ளம் காணாமல் போயிருந்தது. மூலைப் பொருத்தைப் பிரித்துப் பார்க்கவே இல்லை, லப்பம் வைத்து அடைத்திருந்தார்கள்.

போன் செய்தேன். “பழைய பலகை உளுத்துப் போச்சு சார், அதான் மாத்திட்டோம்.” பல தலைமுறையாக உளுக்காத தேக்கு வைரம் உங்கள் பட்டறையில் ஆறு வாரத்தில் உளுத்துவிட்டதா என்று கேட்டேன். தேக்கில் கரையான் ஏறினாலும் வெளி வெள்ளைக் கட்டையில்தான் ஏறும், உள்ளே இருக்கிற கெட்டியான வைரத்தை அவ்வளவு சுலபமாகத் தொடாது. அந்தப் பலகை எங்கே என்றேன். “எரிச்சிட்டோம் சார்.” திருடினார்கள் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. 18 அங்குலத் தேக்குப் பலகையை அடுப்பில் போடுகிற பட்டறைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உளிகளை எடுத்துப் பார்க்கவே இரண்டு நாள் ஆனது. கண்ணாடி மாதிரி மின்னின. ஆனால் முனையிலிருந்து அரை அங்குலத்துக்கு மயில் கழுத்து நீலம். மரவேலைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கிரைண்டரில் தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால் இரும்பு சூடேறி, 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறத்துக்கு வரும், 300-ஐ நெருங்கினால் நீலம். அதோடு உளியின் பதம், அதாவது இரும்பின் கடினம், போச்சு. சந்தேகத்துக்கு முனையில் ஓர் அரத்தை வைத்து இழுத்தேன். பதமான உளியில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இதில் கடித்து இழுத்தது. தேக்கில் மணல் மாதிரி சிலிக்கா வேறு உண்டு, நல்ல உளியையே மழுக்கிவிடும். இந்த உளி நாலு தட்டுக்குத் தாங்கவில்லை. இழைப்புளியின் அடித்தட்டையும் பெல்ட் சாண்டரில் கொடுத்து ‘பாலிஷ்’ செய்திருந்தார்கள். நேர்ச்சட்டத்தை வைத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிகிறது, தட்டு சமமாக இல்லை.

உளிகளை மட்டும் காப்பாற்ற முடிந்தது. நீலம் உள்ள பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போகாமல் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்த்து எடுத்தேன். பிறகு 25 டிகிரி சரிவு பிடித்து, எண்ணெய்க் கல்லில் பின்பக்கப் பிசிறு போகும்வரை தேய்த்தேன். நாலு உளிக்கு மூன்று நாள். ஒவ்வொன்றும் அரை அங்குலம் குட்டை. இலவசச் சாணைக்கு இதுதான் கூலி.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரை கொடுத்த விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் கையில் இருப்பது ‘டெஸ்க் 1, பாலிஷ்’. கொடுப்பதற்கு முன் எடுத்த படம் ஒன்றே ஒன்று, அதுவும் பேத்தி மேஜைமேல் உட்கார்ந்திருக்கிற படம், மூடியே தெரியவில்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் மூடியின் உள்பக்கம், அடிப்பக்கம், கீல், ஓரத்து வரி எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அந்தப் படங்களை அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இதே பலகை, இதே கீல், அரக்குப் பாலிஷ்’ என்று எழுதி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலிஷுக்கு அடிப்பூச்சாகப் போடுகிற சீலர் அடிப்பதற்கு முன்னால், சொல்லாமல் ஒருநாள் போய் நில்லுங்கள். பாலிஷ் ஏறிவிட்டால் எல்லா மரமும் ஒன்றுதான்.

புகாருக்குப் பிறகு 5,000 திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். 2,000 வந்தது. மீதிக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா அந்தப் பழைய நோட்டைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறாள்.