லூப் ஹாபிட் டிராக்கரும் ஏஐ ஏஜென்ட்டும்: நடுவில் ஒரு குறிப்புக் கோப்பு

லூப் ஹாபிட் டிராக்கர் ஆண்ட்ராய்டில் ஓடும் ஓப்பன் சோர்ஸ் செயலி. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலே ஓடும். ரொம்ப நாளாக இதைத்தான் பயன்படுத்துகிறேன், அன்றாடம் டிக் அடிக்க இதைவிட எளிதாக ஒன்று வேண்டியதில்லை. ஆனால் உடற்பயிற்சி விட்டுப்போன வாரங்களில் தூக்கம் எப்படி இருந்தது என்பது மாதிரி, இரண்டு பழக்கங்களைச் சேர்த்து வைத்துக் கேட்டால் செயலிக்குள் பதில் கிடைக்காது. அதற்காகத்தான் ஏஐ ஏஜென்ட், அதாவது கோப்புகளைத் தானே திறந்து படித்து வேலையை முடித்துத் தரும் ஏஐ மென்பொருள்.

வழி சுலபம். செயலியில் முழு பேக்கப் எடுத்தால் ஒரு எஸ்க்யூலைட் கோப்பு (ஒரே கோப்பில் அடங்கிய டேட்டாபேஸ்) வரும், அதைக் கணினியில் ஏஜென்ட் இருக்கும் ஃபோல்டரில் போட்டால் போதும், அதுவே டேபிள்களைப் பார்த்து, குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதி, நிமிஷத்தில் பதில் சொல்லிவிடும். பதில் தப்பாக இருக்கும் என்பதுதான் சிக்கல். அதிலும் தயங்கித் தயங்கிச் சொல்லாது, அட்டவணை போட்டு அழகாகச் சொல்லும்.

காரணம் டேட்டாபேஸில் எண்கள் இருக்கும் விதம். ஆம்/இல்லை வகைப் பழக்கத்தைச் செய்தால் 2 என்று பதிவாகிறது. வேண்டுமென்றே ஸ்கிப் செய்தால் 3. செய்யவில்லை என்றால் 0. இது தெரியாத ஏஜென்ட் அந்த எண்களை அப்படியே கூட்டி, ஒரு மாதத்தில் இருக்கிற நாட்களைவிட அதிக நாள் தியானம் செய்ததாகக் கணக்குக் காட்டியது. அளவு குறிக்கும் பழக்கங்களில் மதிப்பு ஆயிரத்தால் பெருக்கி வைக்கப்பட்டிருக்கும், அதாவது 2.5 கிலோமீட்டர் என்பது 2500. நான் ஒரே நாளில் 2500 கிலோமீட்டர் நடந்துவிட்டதாகச் சொன்னதோடு, பாராட்டு வேறு.

இதனால்தான் ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) என்ற பெயரில் ஒரு கோப்பு எழுதி வைத்தேன். பல கோடிங் ஏஜென்ட்கள் வேலையைத் தொடங்கும் முன் இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று தேடிப் படிக்கின்றன. மனிதர்களுக்கான உதவிப் பக்கம் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லும், ஏஜென்ட்டுக்கு அதில் ஒரு வரிகூடப் பயன்படாது. அதற்குத் தெரிய வேண்டியது வேறு. என் கோப்பிலிருந்து ஒரு பகுதி:

"மதிப்பு 2 என்றால் செய்தாயிற்று. 3 என்றால் ஸ்கிப். இதைச் செய்ததாகவும் எண்ணாதே, தவறியதாகவும் எண்ணாதே, மொத்த நாட்களிலிருந்து கழித்துவிடு. ஒரு தேதிக்கு வரியே இல்லை என்றால் உடனே 'தவறியது' என்று முடிவு கட்டாதே, முதலில் அந்தப் பழக்கம் வாரத்துக்கு எத்தனை முறை என்று பார்."

கடைசி வரிதான் அதிகம் உழைக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை என்று வைத்த பழக்கத்தை மூன்று முறை செய்துவிட்டால், மீதி நாட்களையும் நிறைவேறியதாகவே செயலி காட்டும். ஆனால் அது திரையில் காட்டும்போது போடப்படும் கணக்கு, பேக்கப் கோப்பில் அந்த நாட்களுக்கு வரி இருக்காது. ஏஜென்ட்டுக்கு அந்தக் கோப்பு மட்டும்தானே தெரியும், ஒழுங்காக நடந்த வாரத்தையே நான்கு நாள் கோட்டை விட்டதாகச் சொல்லும்.

அப்புறம் தேதி. நேரமெல்லாம் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுக்கான மில்லிசெகண்டாக இருக்கிறது. அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு எல்லாப் பதிவும் முந்தைய நாள் தேதிக்குப் போய்விடும். "யூடிசியிலேயே தேதியை எடு, மாற்றாதே" என்று ஒரே வரி, அத்தோடு சரி.

விளக்கம் எழுதுவதைவிட மாதிரிக் கேள்வியும் சரியான விடையும் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது. செயலித் திரையில் நானே சரிபார்த்த சில விடைகளைக் கோப்பில் வைத்திருக்கிறேன், புதிய அமர்வு தொடங்கும்போது ஏஜென்ட் முதலில் அவற்றைக் கணக்கிட்டுப் பார்த்து, ஒத்துவந்தால்தான் மேலே போக வேண்டும். ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏஐ மாடல் மாறினாலும் இந்த ஏற்பாடு கைகொடுக்கிறது.

ஏஜென்ட்ஸ்.எம்டியை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாத இடமும் உண்டு. "கோப்பை மாற்றாதே" என்று எழுதி வைப்பது வெறும் வேண்டுகோள்தான். அதனால் பேக்கப்பின் பிரதியை மட்டும் கொடுத்து, அதையும் படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக மாற்றிவிடுகிறேன். இன்னொன்று, இணையமே வேண்டாத செயலி என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மருந்து, மனநிலை பற்றிய பழக்கங்களையெல்லாம் யாரோ ஒருவரின் சர்வரில் ஓடும் மாடலிடம் கொடுப்பது முரண்பாடுதான். அப்படிப்பட்ட பழக்கங்களைப் பிரதியிலிருந்து நீக்கிவிட்டுத்தான் தருகிறேன். பதிவோடு சேர்த்து எழுதும் குறிப்புகளையும் அப்படியே.

அறிவுரைக்கும் ஒரு தடை போட வேண்டியிருந்தது. கேட்காமலே ஏஜென்ட் "21 நாள் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும்" என்று ஆரம்பித்துவிடும். ஆனால் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமாக ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை போனது. இதைக் கோப்பில் எழுதிப் பார்த்தேன், அப்புறம் எல்லாவற்றுக்கும் 66 என்று சொல்ல ஆரம்பித்தது. இப்போது அந்த இடத்தில் "கேட்டால் ஒழிய அறிவுரை வேண்டாம்" என்று மட்டும் இருக்கிறது.

செயலி அப்டேட் ஆகும்போது டேட்டாபேஸ் அமைப்பும் மாறலாம். எஸ்க்யூலைட் கோப்புக்குள்ளேயே பதிப்பு எண் ஒன்று இருக்கிறது. நான் குறித்து வைத்திருக்கும் எண்ணோடு அது பொருந்தாவிட்டால் கணக்கை நிறுத்திவிட்டு என்னிடம் சொல்ல வேண்டும் என்பது கோப்பின் முதல் வரி. ஏஜென்ட் அதை மதித்து நின்றிருக்கிறது.